பெரிய காலிப்பர் கிட் போடலாமா, பேடும் ஆயிலும் மாற்றினால் போதுமா?

கொண்டை ஊசி:
வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், பின் சக்கர இழுவை, நான் ஏறி உட்கார்ந்தால் 1400 கிலோ வரும். ரேஸ் டிராக் பக்கம் போகும் ஆசையெல்லாம் கிடையாது, வாரத்தில் ஒரு நாள் விடிகிற நேரத்தில் மலைப்பாதையில் ஏறி இறங்கினால் எனக்குப் போதும். போன வாரம் இறங்கும்போது ஏழெட்டு கொண்டை ஊசி வளைவு வரை பிரேக் அருமையாகப் பிடித்தது, அப்புறம் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக ஆரம்பித்தது, கடைசி வளைவில் ஈரப்பஞ்சை மிதித்த மாதிரி கால் பாதி தூரம் இறங்கிய பிறகுதான் வண்டி பிடித்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓரங்கட்டி நிறுத்திப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலும் கருகல் வாடை, வலது பக்கம் கூடுதலாக. அரை மணி நேரம் கழித்து எடுத்தேன், ஒன்றுமே நடக்காத மாதிரி பெடல் கெட்டியாக நிற்கிறது.

இருப்பது கம்பெனி பிரேக்தான். முன்னால் ஒற்றை பிஸ்டன் காலிப்பர் (உரசும் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி), சக்கரத்தோடு சுழலும் 295 மி.மீ. டிஸ்க். ஆறு பிஸ்டன் காலிப்பரும் 355 மி.மீ. டிஸ்க்கும் சேர்ந்த கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சிவப்பு நிறம், அதுவும் ஒரு காரணம், மறைப்பானேன். போட்டால் இந்தத் தொல்லை தீருமா? வண்டி நிற்கும் தூரம் எவ்வளவு குறையும்?

பழைய ஸ்பேனர்:
கிட் ஓடிப்போகாது, இருக்கட்டும். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், சூட்டில் பிரேக் கைவிடுவது இரண்டு விதம். ஒன்று, பெடல் கல் மாதிரி இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். அது பேட் சூடேறிப் பிடிப்பை இழப்பது. இன்னொன்று உங்களுக்கு நடந்தது, பெடல் பஞ்சாகி உள்ளே இறங்குவது. அது காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாவது. ஆயிலை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம், அதனால் நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும், பெடலும் நல்ல பிள்ளை மாதிரி மேலே வந்துவிடும்.

டாட் 4 (பிரேக் ஆயிலின் தர எண்) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு அதே விதி கேட்பது வெறும் 155 டிகிரி. டாட் 5.1 என்றால் இந்த இரண்டும் 260, 180. இடையில் டாட் 5 என்று ஒன்று இருக்கிறது, நம்பரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது சிலிகான் ஆயில், மற்றதோடு சேராது, ஏபிஎஸ் (சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் அமைப்பு) வண்டிக்கு ஆகாது. 300 டிகிரியைத் தாண்டித் தாங்கும் ரேஸ் ஆயில்களும் உண்டு, அவற்றை வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றும் பொறுமை இருந்தால் தாராளமாக ஊற்றலாம்.

வலது பக்கம் வாடை கூடுதல் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு முன் சக்கரத்தையும் கழற்றி, வெளிப் பேடை மட்டும் பார்த்துவிட்டு மாட்டிவிடாமல், உள் பேடையும் பாருங்கள். காலிப்பர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைடு பின் (கம்பி) இரண்டும் கையால் தள்ளினால் நகர்கிறதா என்றும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
தூரம் குறையுமா என்ற கேள்விக்கு என் பதில்: அநேகமாகக் குறையாது. ஆள் நடமாட்டமில்லாத, காய்ந்த, நேரான ரோட்டில் 60-ல் போய் முழு பலத்தோடு ஒரு மிதி மிதியுங்கள். பெடல் காலுக்கடியில் படபடவென்று துடித்தால் ஏபிஎஸ் வேலைக்கு வந்துவிட்டது, அதாவது இப்போது இருக்கும் பிரேக்கே டயரின் பிடிப்பை மிஞ்சிவிட்டது. அதற்கு மேல் ஆறு பிஸ்டன் போட்டாலும் அறுபது போட்டாலும் ரோட்டைப் பிடிப்பது டயர்தான். தூரம் குறைய வேண்டுமானால் டயரில் செலவு செய்யுங்கள்.

பெரிய டிஸ்க் உதவுவது சூட்டில். 1400 கிலோ வண்டியை 100-லிருந்து நிறுத்தினால் 540 கிலோ ஜூல். அதில் 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போகிறது, முன் டிஸ்க் ஒன்று 7 கிலோ என்று வைத்தால் ஒரே நிறுத்தத்தில் டிஸ்க் 60 டிகிரி சூடேறும். ஆறுவதற்குள் அடுத்தது, அதற்குள் அடுத்தது. மலையில் இன்னொரு கணக்கும் சேர்கிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: 300 மீட்டர் உயரம் இறங்கினால், மெதுவாகவே இறங்கினாலும், அந்த உயரத்தின் ஆற்றல் மட்டும் சுமார் 4100 கிலோ ஜூல். 100-லிருந்து ஏழரை தடவை நிறுத்தியதற்குச் சமம்! காற்றும் எஞ்சினும் அதில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு பிரேக்குக்கு மிச்சம். இறக்கத்தில் எந்தக் கியரில் வருகிறீர்கள்? நாலாவதில் என்றால் மூன்றாவதுக்கு வாருங்கள், எஞ்சின் கொஞ்சம் கத்தட்டும், காசு செலவில்லாத அப்கிரேடு அது.

சிவப்பு காலிப்பர்:
நான் அந்த மாதிரி கிட்டைப் போட்டவன், அதனால் சொல்கிறேன். பெரிய டிஸ்க் சூட்டைத் தாங்குவது உண்மை, அதில் எனக்குக் குறையில்லை. குறை மற்றதில். கிட்டின் பிஸ்டன்களை மொத்தமாகக் கூட்டினால் பரப்பு பழையதைவிட அதிகம், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோ பழையது, அதனால் பெடல் முன்பைவிட ஆழமாகப் போனது. பிடிப்பும் முன்னால் கூடிவிட்டது, பின் சக்கரம் பாதி வேலைகூடச் செய்யாமல் சும்மா வருகிறது, முன் ஏபிஎஸ் மட்டும் சீக்கிரமே துடிக்கிறது. விற்றவரிடம் கேட்டால் பழகிவிடும் என்றார். வாங்கினால் பிஸ்டன் பரப்பைக் கம்பெனி காலிப்பரோடு ஒப்பிட்டுச் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

355-க்கு 17 இன்ச் வீல் போதாது, 18 வேண்டும். சரி, நான்கும் 18 போட்டுவிட்டேன், ஸ்டெப்னியை யார் நினைத்தது? ஒரு ராத்திரி முன் டயர் பஞ்சர். ஸ்டெப்னி காலிப்பரில் இடித்துக்கொண்டு ஏறவே மாட்டேன் என்கிறது. மழைத் தூறலில் பின் சக்கரத்தைக் கழற்றி முன்னால் மாட்டி, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டி, இரண்டு தடவை ஜாக்கி போட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அப்புறம், துளை போட்ட டிஸ்க் வேண்டாம். துளை ஓரத்தில் சூட்டில் மயிரிழை விரிசல் விடும். சாதாரண வென்டிலேட்டட் (நடுவில் காற்று போக இடைவெளி உள்ள) டிஸ்க்கே நல்லது, ஆசைக்கு வரி வெட்டியது போட்டுக்கொள்ளுங்கள். ரேஸ் பேடும் வேண்டாம், அது சூடேறினால்தான் கடிக்கும், விடியற்காலை முதல் சிக்னலில் குளிர்ந்த பேடோடு நிற்க வேண்டியது நீங்கள்தான்.

கொண்டை ஊசி:
ஸ்பேனர் அண்ணே, உங்கள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. நேற்று சக்கரத்தைக் கழற்றினேன். வலது முன் பக்கம் வெளிப் பேட் 7 மி.மீ. இருக்கிறது, உள் பேட் 2 மி.மீ. கூட இல்லை. கீழ் ஸ்லைடு பின்னின் ரப்பர் பூட் கிழிந்து, தண்ணீர் புகுந்து, அந்தக் கம்பி துருவோடு ஒட்டிக்கொண்டது. ஸ்பேனரைப் போட்டு முறுக்கி, தட்டித் தட்டி எடுக்கவே ஒரு மணி நேரம். இவ்வளவு நாளும் அந்தப் பேட் டிஸ்க்கைத் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறது போல. ஆயில் கஷாயக் கலரில் இருக்கிறது, வாங்கி மூன்று வருடம், ஒரு தடவைகூட மாற்றவில்லை. ஏபிஎஸ் சோதனையும் செய்தேன், தாராளமாகத் துடிக்கிறது. நாலாவது கியரில்தான் இறங்கினேன், திட்டாதீர்கள்.

பழைய ஸ்பேனர்:
திட்டவில்லை, உள் பேடை யாரும் பார்ப்பதில்லை. ஸ்லைடு பின்னையும் ரப்பர் பூட்டையும் புதிதாகப் போடுங்கள், சிலிகான் பிரேக் கிரீஸ் மட்டும் தடவுங்கள், சாதா கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். தெருவுக்கென்றே வரும் நல்ல ஸ்போர்ட்ஸ் பேட் ஒரு செட், டாட் 5.1 அல்லது நல்ல டாட் 4 ஆயில், இவ்வளவுதான். ஏர் எடுக்கும்போது (குழாயில் உள்ள காற்றை வெளியேற்றும்போது) மேலே ஆயில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் ஸ்கேனர் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஸ்டீல் பின்னல் ஹோஸ் பெடலைக் கொஞ்சம் கெட்டியாக்கும், தூரத்தைக் குறைக்காது, மூன்று வருட வண்டிக்கு அவசரமில்லை.

புதுப் பேடைப் பழக்குவதில் சோம்பல் வேண்டாம். பெட்டியில் எழுதியிருப்பதுதான் முதல் வேதம், இல்லையென்றால் காலியான ரோட்டில் 100-லிருந்து 20 வரை எட்டுப் பத்து தடவை அழுத்திப் பிடியுங்கள், முழுசாக நிறுத்தாமல். பிறகு பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள். சூட்டோடு நிறுத்திப் பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் பூச்சு அந்த ஒரு இடத்தில் அப்பிக்கொள்ளும், ஒரு மாதம் கழித்து ஸ்டீயரிங் ஆடும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று இங்கே வந்து கேள்வி போடுவீர்கள்.

கொண்டை ஊசி:
எல்லாம் மாற்றி இன்று அதே இறக்கத்தில் வந்தேன், மூன்றாவது கியரில். அடிவாரம் வரை பெடல் ஒரே உயரம். முதல் இரண்டு பிரேக்குக்கு மட்டும் லேசாகக் கீச்சிடுகிறது, இறங்கியதும் இரண்டு பக்கமும் சூடு ஒரே மாதிரி. கிட் எண்ணத்தை விட்டாச்சு. ஆனால் பழைய காலிப்பருக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தால் தப்பா?

பழைய ஸ்பேனர்:
அடியுங்கள், சூடு தாங்கும் பெயிண்டாக. ரப்பர் பூட்டும் ஏர் எடுக்கும் நிப்பிளும் டேப் ஒட்டி மூடியிருக்கட்டும், டிஸ்க்கில் ஒரு சொட்டுகூட படக் கூடாது.