கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரை எதை வைத்து எடை போடுவது? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

ஆஃப்பிரேக்:
லீக் ஆட்டம். நான் ஆஃப் ஸ்பின் போடுகிறவன். எங்கள் பழைய கீப்பர் எட்டாவதாக இறங்குவார், பெரிதாக ரன் வராது. அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, நாலாவது இறங்குகிறவர் கையில் கிளவுஸைக் கொடுத்தார்கள். பேட்டிங் நீளும் என்றார்கள்.

எதிரணியின் இடதுகை ஓப்பனர் 11 ரன்னில் இருந்தார். கொஞ்சம் தூக்கிப் போட்டேன். இறங்கி வந்தார். பந்து அவர் நினைத்ததற்கு முன்னாலேயே விழுந்து, திரும்பி, மட்டையைத் தாண்டிப் போனது. கிரீஸுக்கு வெகு தூரம் வெளியே நின்றார். அவுட் என்று அவருக்கே தெரிந்து பெவிலியன் பக்கம் நடக்கவும் தொடங்கிவிட்டார். பெயில்ஸ் விழுகிற சத்தம் வரவில்லை. புது கீப்பர் பந்து குத்துவதற்கு முன்பே எழுந்துவிட்டார், பந்து கிளவுஸுக்கு அடியில் புகுந்து போய்விட்டது. பேட்ஸ்மேன் நின்றார், திரும்பிப் பார்த்தார், நடந்தே உள்ளே வந்து மட்டையை வைத்தார்.

அவர் சதம் அடித்தார், அதுகூடப் பெரிதில்லை. அடுத்த ஓவரிலிருந்து பந்தைத் தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை. ஏமாற்றி என்ன பயன், பின்னால் யார் பிடிப்பது? தட்டையாக, வேகமாகப் போட்டேன், சுலபமாக ஆடினார்கள். ஸ்கோர்கார்டில் எனக்கு விக்கெட் இல்லை, கீப்பருக்கு நாற்பதுக்கு மேல் ரன். ஒரு கீப்பரால் பந்துவீச்சாளரே வேறு ஆளாகிவிடுகிறார். அதை எழுத ஸ்கோர்கார்டில் இடம் கிடையாது.

ஐந்தாம்_நாள்:
ஆஃப்பிரேக், உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் நான் பார்த்தது வேறு. இறுதிப் போட்டி, ஆறு விக்கெட் போய்விட்டது, இன்னும் முப்பது சொச்சம் வேண்டும். இறங்கியது நீங்கள் சொல்கிற மாதிரியான கீப்பர்தான். அன்று காலையில் அவர் லெக் சைடில் பாய்ந்து பிடித்த கேட்ச் இன்னும் கண்ணில் நிற்கிறது. நேராக வந்த பந்தை விட்டுவிட்டு ஸ்டம்ப்பைப் பறிகொடுத்தார். அடுத்த முனையில் ஐம்பது தாண்டி நின்றிருந்த எங்கள் கேப்டன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கோப்பை போனது.

1999 ஹோபார்ட் டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? 369 துரத்தி ஆஸ்திரேலியா 126-க்கு 5 விக்கெட். அவர்கள் கீப்பர் கில்கிறிஸ்டுக்கு அது இரண்டாவது டெஸ்ட்தான். லாங்கரோடு 238 சேர்த்து, 149 நாட் அவுட்டாக நின்று ஜெயித்துக் கொடுத்தார். அவருக்கு முன்பு கிளவுஸ் போட்ட ஹீலி எவ்வளவு நல்ல கீப்பர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த ஆட்டத்தை அவரால் ஜெயித்திருக்க முடியுமா? 2006 கராச்சி டெஸ்டைப் பாருங்கள். இந்தியாவின் இர்ஃபான் பதான் முதல் ஓவரிலேயே ஹாட்ரிக், பாகிஸ்தான் 39-க்கு 6. அவர்கள் கீப்பர் கம்ரான் அக்மல் 113 அடித்தார், கடைசியில் பாகிஸ்தான் 341 ரன்னில் ஜெயித்தது. ஸ்டம்பிங் போனால் ஒரு விக்கெட்தான் போகும். ஏழாவது இடத்தில் ஆள் இல்லாவிட்டால் பாதி பேட்டிங்கே போய்விடும். கில்கிறிஸ்ட் 96 டெஸ்டில் 416 பேரை வெளியேற்றியிருக்கிறார், பேட்டிங் வந்தால் கீப்பிங் வராது என்று யாரும் விதி எழுதவில்லை.

நோட்டுக்காரர்:
கராச்சியைச் சொன்னவர் சிட்னியையும் சொல்லணும். 2010 ஜனவரி, ஆஸ்திரேலியாவோட டெஸ்ட், அதே அக்மல். பாகிஸ்தானுக்கு முதல் இன்னிங்ஸ்ல 206 ரன் முன்னிலை. ரெண்டாவது இன்னிங்ஸ்ல லெக் ஸ்பின்னர் கனேரியா பந்துல மட்டும் மைக் ஹஸ்ஸிக்கு மூணு கேட்சை விட்டார். ஹஸ்ஸி 134 நாட் அவுட். பாகிஸ்தான் 36 ரன்ல தோத்தது. அந்த 113 ஸ்கோர்புக்ல இருக்கு. இந்த மூணு கேட்ச் எந்தப் பக்கத்துல இருக்கு?

நான் கிளப் ஸ்கோரர், அதனாலதான் கேட்கறேன். ஒரு ஆட்டத்துல கீப்பர் அறுபது அடிச்சாரு, ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே. அதுக்கு முன்னாடி ஃபீல்டிங் பண்றப்போ மட்டை விளிம்புல பட்டு வந்த ரெண்டு கேட்சை விட்டிருந்தாரு, ஒண்ணு நேரா கைக்கு வந்தது. அந்த ரெண்டு பேட்ஸ்மேனும் சேர்ந்து அப்புறம் அடிச்சது அவரோட அறுபதைவிட அதிகம். விருது கொடுத்து முடிஞ்சதும் எங்க வேகப்பந்து வீச்சாளர் என் தோளுக்குப் பின்னாடி வந்து நின்னு நோட்டைப் பார்த்தார். அவர் ஓவர்ல ரெண்டு எடத்துலயும் ரன் இல்லைங்கற வெறும் புள்ளிதான். விரலை அந்தப் புள்ளி மேல வச்சார். ஒண்ணும் பேசல, போயிட்டார்.

அன்னிலேர்ந்து விட்ட கேட்ச், விட்ட ஸ்டம்பிங் எல்லாத்தையும் ஓரத்துல பென்சில்ல எழுதறேன். அப்புறம் எத்தனை ரன் வந்ததுன்னும் எழுதறேன். பைஸை, அதாவது மட்டையிலயும் உடம்புலயும் படாம கீப்பரைத் தாண்டிப் போற பந்துல வர்ற ரன்னை, வச்சு மட்டும் கீப்பரை எடை போடாதீங்க. வைடு கொடுக்காம லெக் சைடுல தள்ளிப் போற பந்துக்கும் பைஸ்தான், கால் நடுவுல புகுந்த பந்துக்கும் பைஸ்தான்.

முதல்_விக்கெட்:
யாரும் உடம்பைப் பற்றிப் பேசவில்லை. நான் ஓப்பனர். கீப்பருக்கு அடிபட்டதால் ஒரு இரண்டு நாள் ஆட்டத்தில் முழு இன்னிங்ஸும் கீப்பிங் செய்தேன். ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்து எழ வேண்டும். முடிந்ததும் பேடை மாற்றிக்கொண்டு உடனே ஓப்பனிங். முதல் ஓவரிலேயே வழக்கமாகக் கால் முன்னால் போகிற பந்துக்குத் தொடை அசையவே இல்லை. நின்ற இடத்திலேயே எல்பிடபிள்யூ. அம்பயர் விரலைத் தூக்கும்போதுகூட என் கால் நட்டது நட்டபடி நின்றது.

இலங்கையின் சங்கக்காரா கிளவுஸோடு ஆடிய டெஸ்ட்களில் சராசரி 40-ஐ ஒட்டி, கிளவுஸ் இல்லாமல் 66-க்கு மேல். இங்கிலாந்தின் அலெக் ஸ்டூவர்ட்டுக்கும் அப்படித்தான், கீப்பராக 35-ஐ ஒட்டி, வெறும் பேட்ஸ்மேனாக 46-க்கு மேல். இலங்கை பிரசன்னா ஜெயவர்தனேவிடம் கிளவுஸைக் கொடுத்தபோது ஒரு கீப்பரும் கிடைத்தார், பெரிய பேட்ஸ்மேன் ஒருவரும் கிடைத்தார். சுழல் மன்னன் முரளிதரனின் பந்துக்கு நிற்பதற்கு ஜெயவர்தனே மாதிரி கை வேண்டும். நாலாவது இறங்குகிறவரிடம் கிளவுஸைக் கொடுத்தால் பேட்டிங் நீளும் என்று சொல்கிறவர்கள் அவர் அதே நாலாவது பேட்ஸ்மேனாக இருப்பாரா என்று யோசிப்பதில்லை.

பழைய_கிளவுஸ்:
ஒரு லெக் ஸ்பின்னரின் கூக்ளியை, எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தை, அவர் கையிலேயே படித்துவிட்டு லெக் சைடில் ஸ்டம்பிங் செய்திருக்கிறேன். பேட்ஸ்மேன் பின்காலைத் தூக்கியது இமைப்பொழுது. அந்த அசைவு இன்னும் உடம்பில் இருக்கிறது. என் கதை அவ்வளவுதான்.

ஆஃப்பிரேக், உங்கள் புது கீப்பரிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். பந்து குத்துகிற வரை இடுப்பு கீழேயே இருக்க வேண்டும், கிளவுஸ் தரையிலிருந்து பந்தோடு சேர்ந்து எழ வேண்டும். மேலே இருந்து கீழே போகிற கை எப்போதும் தாமதமாகத்தான் போகும். எடை முன்பாதத்தில் இருக்கட்டும். விரல் நுனி தரையைப் பார்க்கட்டும், பந்தை நோக்கி நீட்டினால் எலும்பு போகும். பந்தைக் குத்திப் பிடிக்கக் கூடாது, அது வருகிற வேகத்திலேயே கையைச் சற்றுப் பின்வாங்கி வாங்க வேண்டும். ஸ்டம்பிங் அவசரத்தில் கையை ஸ்டம்புக்கு முன்னால் கொண்டுபோனால் நோ பால், அவுட்டும் கிடையாது. பயிற்சிக்கு ஒருவர் முன்னால் நின்று மட்டையை வீசி வேண்டுமென்றே பந்தைத் தவறவிட வேண்டும். கீப்பரை ஏமாற்றுவது வெறும் பந்து இல்லை, அந்த மட்டை கண்ணுக்குக் குறுக்கே போகிற நொடிதான். டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்து வெறுங்கையால் பிடிக்கச் சொல்லுங்கள், கடினமான கை இருந்தால் பந்து துள்ளி வெளியே போகும், உடனே தெரிந்துவிடும். வேகப்பந்துக்கு எவ்வளவு பின்னால் நிற்பது என்பதை ஒவ்வொரு பிட்சிலும் புதிதாகப் பார்க்க வேண்டும், இடுப்பு உயரத்தில், பந்து இறங்கத் தொடங்கும்போது வர வேண்டும். இதற்கெல்லாம் ஒரு சீசன் போதும்.

ஆஃப்பிரேக்:
நன்றி. ஆனால் இதெல்லாம் ஏற்கெனவே கையில் இருந்த ஒருவரைத்தான் வெளியே உட்கார வைத்தார்கள். ஒரு சீசனில் கீப்பிங் கற்றுக்கொடுக்க முடியும் என்றால் ஒரு சீசனில் அவருக்கு இருபது ரன் அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கலாமே.

ஐந்தாம்_நாள், 2021 சிட்னி டெஸ்டைப் பாருங்கள். இந்தியாவின் கீப்பர் ரிஷப் பந்த் ஆஸ்திரேலியாவின் புகோவ்ஸ்கிக்கு இரண்டு கேட்சை விட்டார், புகோவ்ஸ்கி 62 அடித்தார். பிறகு ரிஷப் பந்த்துக்கு முழங்கையில் அடிபட்டதும் இன்னொரு கீப்பரான சாஹா மாற்று வீரராகக் கீப்பிங் செய்ய வந்து, 73-ல் இருந்த லபுஷேனை லெக் சைடில் பாய்ந்து பிடித்தார். கடைசி நாளில் அதே பந்த் 97 அடித்து ஆட்டத்தையே திருப்பினார். மாற்று வீரர் கீப்பிங் செய்யலாம், பேட்டிங் செய்ய முடியாது. அந்த ஒரு ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டும் கிடைத்தது. ஒருவரைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் இன்னும் சாஹாவைத்தான் கேட்பேன், சுழல் பிட்சில் கண்டிப்பாக.

ஐந்தாம்_நாள்:
சுழல் பிட்சில் சரி, ஒப்புக்கொள்கிறேன். பந்து துள்ளி எழும் பிட்சில், ஸ்டம்ப்பை விட்டு வெகு தூரம் பின்னால் நிற்கிற ஆட்டத்தில் எனக்குப் பந்த்தான். நீங்கள் சொன்ன அந்தச் சிட்னி டெஸ்டிலேயே அந்த 97 இல்லாமல் டிராவுக்கு வழி ஏது?

எட்டாம்_நம்பர்:
நானும் உட்கார வைக்கப்பட்ட கீப்பர்தான். என்னிடம் சொன்ன காரணம் என் சராசரி. எத்தனை கேட்ச் வந்தது, எத்தனை பிடித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்ல அவர்களிடம் கணக்கு இல்லை. மூன்று பேர் ஒரு தாளைப் பார்த்தார்கள், அதில் ரன் மட்டும்தான் இருந்தது.

நோட்டுக்காரர், அடுத்த தேர்வுக் கூட்டத்துக்கு உங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஓரத்தில் பென்சிலில் எழுதியதையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டையும் கேட்ட பிறகு பேட்ஸ்மேனையே எடுத்தாலும் பரவாயில்லை.