90 சதவீதத் தேர்ச்சி சரி, வீட்டில் என்ன பேசுகிறார்கள்? மீக்மாக் பள்ளிகளை முன்வைத்து

அலையாத்தி:
பழங்குடிக் கல்வி என்றதும் எல்லோரும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவைக் கை காட்டுகிறார்கள். அங்குள்ள பழங்குடியினர் மீக்மாக் மக்கள், அவர்கள் மொழி மீக்மா. 1998இல் மீக்மாக் கல்விச் சட்டம் வந்தது. 9 ஊர்கள் பள்ளி அதிகாரத்தை ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசிடமிருந்து வாங்கிக்கொண்டன. இன்று மாகாணத்தின் 13 மீக்மாக் ஊர்களில் 12 ஊர்கள் 'மீக்மா கினாமத்னெவே' என்ற கல்விக் கூட்டமைப்பில் இருக்கின்றன. பள்ளியிறுதித் தேர்ச்சி 90 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இதில் எனக்கு மறுப்பே இல்லை. இதையே 'மொழி மீட்பின் வெற்றி' என்று எழுதுவதுதான் இடிக்கிறது. அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பது ஆங்கிலத்தில். தேர்ச்சிக் கணக்கு வேறு, மொழிக் கணக்கு வேறு.

நெய்தல்வழி:
இரண்டும் வேறுதான். ஆனால் ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை. மொழி அறுந்ததே பள்ளியால்தானே? பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஷூபெனாகடி உறைவிடப் பள்ளி 1930 முதல் 1967 வரை நடந்தது. தாய்மொழி பேசினால் அடி. அங்கே படித்து வந்தவர்கள், தன் பிள்ளைக்கும் அந்தக் கதி வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். அறுத்த இடத்தில்தான் முடிச்சுப் போட முடியும். எஸ்கசோனி என்ற மீக்மாக் ஊரில் 2000இல் முழுமூழ்கல் வகுப்பு, அதாவது பாடங்களை மீக்மாவிலேயே நடத்தும் வகுப்பு, தொடங்கியது. 2015இல் அதற்கென்றே தனிப் பள்ளிக்கூடம் வந்தது. பள்ளி ஊரார் கையில் இல்லாவிட்டால் இதற்கு யாரிடம் அனுமதி கேட்டிருப்பார்கள்?

இன்னொன்று. தாய்மொழியில் படித்தால் ஆங்கிலம் கெடும் என்ற பயம் பெற்றோருக்கு எப்போதும் உண்டு. ஒரு மீக்மாக் ஊரில் முழுமூழ்கல் பிள்ளைகளையும், மீக்மாவை ஒரு பாடமாக மட்டும் படித்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளியானது. முன்னவர்களுக்கு மீக்மா வலுவாக இருந்தது, ஆங்கிலத்தில் அவர்கள் பின்தங்கவில்லை.

அலையாத்தி:
அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். அது தொடக்க வகுப்புகளைப் பற்றியது. எஸ்கசோனியின் முழுமூழ்கல் நாலாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளையின் மொழியில் விளையாட்டு இருக்கும், சாப்பாடு இருக்கும். வாதம் இருக்காது, அறிவியல் இருக்காது. சட்டத்தையும் பாருங்கள்: பிள்ளை வேறு பள்ளிக்கு மாறினால் தொடர்ந்து படிக்கும்படி, பாடத்திட்டம் நாட்டின் மற்றப் பள்ளிகளுக்கு ஒப்பாக இருக்க வேண்டும் என்கிறது. நியாயமான நிபந்தனைதான். ஆனால் மேல்வகுப்பு போகப் போக அதுவே ஆங்கிலத்தின் பக்கம் தள்ளுகிறது.

கூடவே ஒரு எச்சரிக்கை. 90 சதவீதத்தை, ரிசர்வ் எனப்படும் பழங்குடி ஒதுக்கீட்டு நிலங்களில் நாடளவில் பாதியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். அந்த நாடளவு எண் சென்சஸ் கணக்கு. அது 20 முதல் 24 வயதுக்காரர்கள் எல்லோரையும் எண்ணுகிறது, பள்ளிக் கணக்கு பள்ளியில் இருந்தவர்களை எண்ணுகிறது. வித்தியாசம் பெரிதுதான், ஆனால் அப்படியே கழித்துப் பார்க்கக் கூடாது.

சுண்ணக்கட்டி:
இருவரும் சட்டத்திலேயே நிற்கிறீர்கள். நாலாம் வகுப்போடு நிற்பதற்குச் சட்டத்தைவிட ஆள் பற்றாக்குறை பெரிய காரணம். சரளமாகப் பேசுபவரிடம் ஆசிரியர் உரிமம் இல்லை. உரிமம் வைத்திருக்கும் இளையவருக்குச் சரளம் போதாது. இருவரையும் ஒரே வகுப்பில் சேர்த்து உட்கார வைப்பதுதான் வழக்கமான தீர்வு. அதில் ஒரு விதி மீறக் கூடாது: இருவரும் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேசக் கூடாது. பெரியவர்கள் தங்களுக்குள் எந்த மொழி பேசுகிறார்களோ அதுதான் 'நிஜ மொழி' என்று பிள்ளை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடும். அடுத்த ஓட்டை, ஆசிரியர் விடுப்பு. பதிலுக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் வந்தால் அன்றைய வகுப்பு ஆங்கில வகுப்புதான். மாற்று ஆசிரியர் பட்டியலில் பேசத் தெரிந்த இரண்டு பேராவது முன்கூட்டியே இருக்க வேண்டும்.

மூன்றாவது, அட்டை காட்டிச் சொல்லித்தருவது. ஆங்கில மழலைப் பள்ளி பாணியில் வண்ணம், எண், விலங்கு என்று ஆரம்பிப்பார்கள். மீக்மாவில் வண்ணமும் வினை, எண்ணும் வினை. சிவப்பு என்று தனிச்சொல் சொல்லி நிறுத்த முடியாது. உயிரற்றது சிவப்பாயிருந்தால் 'மெக்வேக்', உயிருள்ளது என்றால் 'மெக்வேஜித்'. இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதற்கு 'தபுசிஜிக்' என்று ஒரே வினைச்சொல். 'அவரைப் பார்க்கிறேன்' என்றால் 'நெமீக்', 'அதைப் பார்க்கிறேன்' என்றால் 'நெமிது'. நம் உயர்திணை, அஃறிணை போலத் தோன்றும்; ஆனால் கோடு போடும் இடம் வேறு, விலங்கும் உயிருள்ள பக்கம்தான். பெயர்ச்சொல் அட்டையில் 200 சொல் கற்ற பிள்ளைக்கு ஒரு வாக்கியம் வராது. அட்டையில் பொருளைப் போடாதீர்கள், நிகழ்வைப் போடுங்கள்: ஒருவர் ஓடுகிறார், இருவர் ஓடுகிறார்கள், கல் உருள்கிறது.

ஆங்கிலப் படக்கதைப் புத்தகத்தின் வரிமேல் மீக்மா வரியை ஒட்டுவதும் இதே கோளாறுதான். ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே உள்ளே கிடக்கும். படத்தை மட்டும் பெரியவரிடம் காட்டி, அவர் சொல்வதைப் பதிவு செய்து, அதை எழுதி ஒட்டினால் சரியாக வரும்.

ஒற்றெழுத்து:
எழுதி ஒட்டுவது என்றீர்கள். எந்த எழுத்துமுறையில்? நோவா ஸ்கோஷியாவில் 1970களில் உருவான ஸ்மித்-பிரான்சிஸ் முறை, கியூபெக் மாகாணத்து மீக்மாக் ஊரான லிஸ்டுகுஜில் வேறு முறை. இரண்டும் ஆங்கில எழுத்துகளைக் கொண்டவை. அது 'கே' போடும் இடத்தில் இது 'ஜி' போடும். ஒலி ஒன்றுதான். சொல்லின் முதலில் வல்லோசை, உயிருக்கு நடுவே மெல்ல அதிர்கிறது. நம் 'கல்', 'அகல்' இரண்டிலும் ஒரே 'க' எழுதுகிறோமே, அதே கதை. தமிழ் படித்தவருக்கு இது சண்டையாகவே தெரியாது! ஆனால் ஓர் ஊரில் அச்சான புத்தகத்தை மற்ற ஊர்ப் பிள்ளை தடுமாறித்தான் வாசிக்கும்.

அதைவிடத் தொல்லை மேற்கோள் குறி. நெடிலைக் காட்ட அதைத்தான் போடுகிறார்கள். கைபேசி அதைத் தானாக வளைந்த குறியாக மாற்றிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு வேறு எழுத்து. அகராதியில் தேடினால் சொல்லே கிடைக்காது. ஸ்மித்-பிரான்சிஸ் முறையில் குறுக்குக்கோடு போட்ட 'ஐ' எழுத்தும் உண்டு, சாதாரண விசைப்பலகையில் அது இல்லை. தேடும் நிரலிலேயே இரண்டு குறிகளையும் ஒன்றாக எண்ணும்படி செய்வது அரை நாள் வேலை.

அலையாத்தி:
எழுத்துச் சண்டையில் நேரம் போகிறது. பாட்டிக்கு எழுத்தே வேண்டாம், பேரனோடு பேச ஆள்தான் வேண்டும். லிஸ்டுகுஜிலேயே பெரியவர்களுக்கு எழுத்தில்லாமல், படங்களை வைத்து மட்டும் பேச்சுப் பழக்கும் வகுப்பு நடத்தினார்கள். என் வாதமும் அதுதான்: பணத்தை ஐந்து வயதுக்காரரிடமிருந்து இருபத்தைந்து வயதுக்காரரிடம் திருப்புங்கள். அவர்கள்தான் நாளைக்குப் பெற்றோர்.

நெய்தல்வழி:
திருப்பினால் மழலை வகுப்பு மூடும். மூடியதைத் திறக்க முடியாது. ஒன்றை ஒன்றுக்கு எதிராக நிறுத்தாதீர்கள். எழுத்து வேண்டாம் என்பதும் பாதிதான் சரி. லிஸ்டுகுஜில் தொடங்கிய பேசும் அகராதியில் ஒவ்வொரு சொல்லையும் குறைந்தது மூவர் உச்சரிக்கிறார்கள். எழுத்துமுறை எதுவானாலும் காதால் கற்கலாம், அந்த இளம் பெற்றோருக்கும் அது உதவும். 2022இல் மீக்மாவை நோவா ஸ்கோஷியாவின் முதல் மொழி என்று சட்டமே சொல்லிவிட்டது. அதைக் காட்டிப் பெரியவர்களின் வகுப்புக்குத் தனியாக நிதி கேட்கலாமே, பிள்ளைகள் பங்கில் ஏன் கை வைக்க வேண்டும்?

அலையாத்தி:
தனி நிதி வருமானால் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பிரகடனம் சம்பளப் பட்டியலில் ஏறாது. ஐந்தாம் வகுப்புக்கு யார் வருவார் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

சுண்ணக்கட்டி:
முழு வகுப்பாகத் தொடங்காதீர்கள். ஐந்தாம் வகுப்பில் கணக்கை மட்டும் மீக்மாவில் எடுங்கள். வினையாக யோசிக்கும் மொழிக்குக் கணக்கு பொருந்தும். 'கோட்டின் சரிவு என்ன' என்பதற்குப் பதில் 'கோடு எப்படிப் போகிறது' என்று கேட்கலாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஒரே ஆசிரியர், கூட ஒரு பெரியவர். கலைச்சொல்லை முன்கூட்டிப் பட்டியல் போட்டுத் திணிக்காமல், பெரியவர் வகுப்பில் சொன்னதை அன்றன்றே எழுதி வைத்தால், ஆண்டு முடிவில் ஆறாம் வகுப்புக்குப் பாடநூல் பாதி தயார்.