இம்ப்ளான்ட் பல் வைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

மழைக்கோடு:

ஒன்பது வருஷத்துக்கு முன், தாடை எலும்பில் ஸ்க்ரூ பதித்து அதன்மேல் வைத்த இம்ப்ளான்ட் பல். கீழ்க் கடைவாய், வலப்பக்கம். போன வாரம் நாக்கு பட்டதும் பல் லேசாகத் திரும்பியது. வலி இல்லை, ரத்தம் இல்லை. வைத்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், கிளினிக்கும் மூடியாயிற்று. வேறொருவரிடம் போனேன்.

எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "எலும்புக்குள் இருப்பது அசையவில்லை. மேலே பல்லைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, முடுக்கினால் போதும்" என்றார். அப்பாடா என்றிருந்தது. அடுத்து, "எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பல்லின் மேலிருந்த அடைப்பை எடுத்துவிட்டு, குட்டி ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்தார். ஒன்று இறங்கவே இல்லை. இன்னொன்று இறங்கி, பிடிப்பில்லாமல் சுற்றியது. நான்காவதையும் தட்டில் வைத்துவிட்டு, "பொருந்தாததை வைத்துத் திருகினால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும், அப்புறம் எடுப்பதே பெரும்பாடு" என்று நிறுத்திக்கொண்டார். நான் வாயைத் திறந்தபடி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு பெயர் தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியோடும் ஒட்டுச்சீட்டு வருமாம். கம்பெனி, மாடல், விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள், ஒன்றை நமக்கும் தரலாம். நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. இப்போது எக்ஸ்ரேயில் தெரியும் வடிவத்தை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு எது முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்?


வடக்கு ஜன்னல்:

எனக்குக் கீழ்த்தாடை நரம்பு.

வைத்த அன்று மரத்துப்போக ஊசி போட்டார்கள், சரி. மறுநாள் காலையிலும் கீழ் உதட்டில் பாதியும் மோவாயும் மரத்தே இருந்தன. போன் செய்தேன். "சில நாளில் சரியாகும்" என்றார் வரவேற்பில் இருந்தவர். டாக்டரிடம் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஷேவ் செய்து முகம் துடைத்தேன், துண்டில் ரத்தம். கண்ணாடியில் பார்த்தால் மோவாயில் நல்ல வெட்டு. பட்டதே தெரியவில்லை. விரலால் தொட்டேன், யாரோ ஒருவர் முகத்தைத் தொடுவது போல இருந்தது. இன்றைக்கும் ஷேவ் செய்யக் கையெடுத்தால் அந்தத் துண்டுதான் கண்முன் நிற்கிறது.

மூன்று வாரம் பொறுத்தேன். அதுதான் தவறு. ஊசியின் வேகம் இறங்கியும் மரப்பு போகவில்லை என்றால் அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாளே டாக்டர் நேரில் பார்க்க வேண்டும். எலும்பில் இறக்கிய ஸ்க்ரூ நரம்பை அழுத்துகிறது என்று தெரிந்தால் முதல் ஒன்றரை நாளுக்குள் அதை எடுத்துவிடுவதில்தான் நரம்பு மீள நல்ல வாய்ப்பு என்று பிறகு பார்த்த நிபுணர் சொன்னார். அந்த நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாயில் ஓடுகிறது. ஸ்க்ரூவின் நுனிக்கும் அதற்கும் குறைந்தது 2 மி.மீ. இடைவெளி விடுவார்கள். எனக்கு எடுத்தது தட்டையான எக்ஸ்ரே மட்டும். முப்பரிமாண ஸ்கேன் எடுக்கவில்லை.

இப்போது பதினான்கு மாதம். உதடு திரும்பிவிட்டது. மோவாயில் ஒரு நாணயம் அளவு இடம் இன்னும் எறும்பு ஊர்வது போல இருக்கிறது.


பழைய சைக்கிள்:

வடக்கு ஜன்னல், உங்களுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் பயந்து ஓடிவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். எனக்கு மூன்று இம்ப்ளான்ட், பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு நாள்கூட வலித்ததில்லை. ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் 1965ல் முதன்முதலாக ஒருவருக்கு டைட்டானியம் ஸ்க்ரூ வைத்தார். அந்த நோயாளிக்கு அது 40 வருஷத்துக்கும் மேல் உழைத்தது. அதற்கு முன் அவர் முயலின் எலும்பில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியத்தில் செய்த கருவியைப் பொருத்தி, வேலை முடிந்து எடுக்கப் போனால் எலும்பு அதை விடவில்லை. அங்கே தொடங்கியது இது.

வைக்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். புகைப்பவராக இருந்தால் நிறுத்துங்கள். தோல்வி வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சர்க்கரை இருந்தால் முதலில் மூன்று மாத சராசரியைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நீங்களாக நிறுத்தாதீர்கள், இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும். இரவில் பல்லைக் கடிக்கிறவர் என்றால் நைட் கார்ட், அதாவது தூங்கும்போது பல்மேல் மாட்டும் உறை, அவசியம். இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு தசைநார் இருக்கிறது. அழுத்தம் அதிகமானால் அதுதான் நமக்கு உணர்த்தும். இம்ப்ளான்டுக்கு அது கிடையாது, எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்று சரியாகத் தெரியாது, மேலே இருக்கும் பீங்கான் பல் உடையும், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளரும். மழைக்கோடு, உங்கள் ஸ்க்ரூ தளர்ந்ததற்கும் அது காரணமா என்று கேட்டுப் பாருங்கள். பல் இடுக்குப் பிரஷ் தினமும் போடுங்கள். மேல்தாடைக்கு அவசரப்படுத்தாதீர்கள், அங்கே எலும்பு மென்மையானது, எலும்பு பிடிக்கக் கீழே மூன்று மாதம் என்றால் மேலே நான்கு முதல் ஆறு மாதம்கூட ஆகலாம். பின்பக்கம் மேலே எலும்பின் உயரம் போதாவிட்டால் சைனஸ் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) அடியைத் தூக்கி எலும்புத்தூள் நிரப்புவார்கள். அது கூடுதல் வேலை, கூடுதல் மாதங்கள். இதையெல்லாம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.


தாழைமடல்:

எங்கள் அம்மாவின் விஷயம். இரண்டு பல். ஸ்கேன் ஆயிற்று, தேதியும் குறித்தாயிற்று. படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், என்னென்ன மாத்திரை என்று கேட்டிருந்தார்கள். நான்தான் நிரப்பினேன்.

அம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டார். டாக்டர் கையில் ஊசியோடு, பயத்தைப் போக்க ஏதோ பேச்சுக் கொடுத்தார். "ஊசிக்கெல்லாம் நான் பயப்பட மாட்டேன் தம்பி, எலும்புத் தேய்மானத்துக்கு வருஷா வருஷம் ஒன்று ஏற்றுகிறார்களே" என்றார் அம்மா. டாக்டரின் கை அப்படியே நின்றது. ஊசியைத் தட்டில் வைத்தார், கையுறையைக் கழற்றினார், என்னைப் பார்த்து, "இது ஏன் படிவத்தில் இல்லை?" என்றார். மாத்திரை என்று கேட்டதால் மாத்திரையைத்தான் எழுதினேன். வருஷத்துக்கு ஒருமுறை போடும் ஊசி நினைவிலேயே இல்லை.

சோலிட்ரானிக் ஆசிட். இந்த வகை மருந்துகள் எலும்பில் வருஷக்கணக்கில் தங்கும். தாடையில் துளையிட்டாலோ பல்லைப் பிடுங்கினாலோ அபூர்வமாகச் சிலருக்கு எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்தபடி நின்றுவிடும். எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் ஆபத்து குறைவு. புற்றுநோய்க்காக அடிக்கடி, அதிக அளவில் ஏற்றுபவர்களுக்குப் பல மடங்கு அதிகம். வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் தாடை ஆபத்தில் இதே பட்டியல்தான். அதற்காக அந்த ஆறு மாத ஊசியை நீங்களே தள்ளிப்போடவும் கூடாது, தள்ளினால் முதுகெலும்பு முறிய வாய்ப்புண்டு.

இரண்டு டாக்டர்களும் பேசினார்கள். அம்மாவுக்கு எத்தனை வருஷமாகப் போடுகிறார்கள், வேறு என்ன மருந்து என்றெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் பக்கத்துப் பற்களில் பிடிக்கவைக்கும் பிரிட்ஜ் போதும் என்று முடிவாயிற்று. அம்மா அன்று பேசாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு மட்டும் என்னை விடவில்லை.


இரவுப்பணி:

பழைய சைக்கிள், "ஒரு நாள்கூட வலித்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் வலிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏழு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. வருஷா வருஷம் காட்டச் சொன்னார்கள், முதல் இரண்டு வருஷம் போனேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஈறு ஓரத்தில் பிரஷ் படும்போது கொஞ்சம் ரத்தம் வரும், பிரஷ்தான் கடினம் என்று நினைத்துக்கொண்டேன். வேறொரு பல்லுக்காகப் போனபோது டாக்டர் இம்ப்ளான்ட் பக்கத்து ஈறை விரலால் மெதுவாக அழுத்தினார். சீழ் வந்தது. அப்போதுகூட வலிக்கவில்லை.

பிறகு இரண்டு எக்ஸ்ரேக்களைத் திரையில் பக்கம் பக்கமாக வைத்தார். ஏழு வருஷத்துக்கு முந்தையதில் ஸ்க்ரூவின் புரிகள் எல்லாமே எலும்புக்குள் இருந்தன. இப்போதையதில் பேனா நுனியால் எண்ணிக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து புரி எலும்புக்கு வெளியே. எனக்கு இன்னும் அந்த எண்ணும் குரல் கேட்கிறது.

இயற்கைப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் குறுக்கே புகுந்து இறுக்கமாகப் பிடித்திருக்கும். இம்ப்ளான்டைச் சுற்றி அவை ஒட்டாமல் பக்கவாட்டில்தான் ஓடும். அதனால் தொற்று சுலபமாகக் கீழே இறங்கும். எனக்கு முதலில் பல் போனதே ஈறு நோயால். அந்தச் சரித்திரம் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம் என்பதை அப்போது யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து வருஷத்தை விட்டிருக்க மாட்டேன். இன்னொன்று, என் கிரவுன், அதாவது மேலே தெரியும் பல், சிமெண்ட் வைத்து ஒட்டியது. ஓரத்தில் வழிந்த சிமெண்ட் ஈறுக்கடியில் தங்கியிருந்தது. சிமெண்டா, ஸ்க்ரூவா என்று முன்பே கேளுங்கள். ஸ்க்ரூவில் மாட்டியதென்றால் கழற்றிச் சுத்தம் செய்வது எளிது.

எனதை எடுத்துவிட்டார்கள். ஸ்வீடன்காரருக்கு 40 வருஷம் நின்றது உண்மையாக இருக்கலாம். அவரை எத்தனை முறை கூப்பிட்டுப் பரிசோதித்திருப்பார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.


பழைய சைக்கிள்:

இரவுப்பணி, நான் சுத்தம் செய்யுங்கள் என்றுதானே எழுதினேன்? பயமுறுத்த வேண்டாம் என்றுதான் சொன்னேன், கவனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், கடைசியாக எக்ஸ்ரே எடுத்து நான்கு வருஷம் இருக்கும். நாளை போன் செய்கிறேன்.


கல்தூண்:

எனக்கு நடந்தது வைத்த நாலாவது வாரத்தில். முன்பல். பல் எடுத்த அன்றே இம்ப்ளான்ட் வைத்து, மேலே தற்காலிகப் பல்லும் வைத்தார்கள். "இது பார்வைக்கு மட்டும், கடிக்கக் கூடாது" என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பார். முதல் இரண்டு வாரம் கவனமாக இருந்தேன். துளி ஆட்டம் இல்லை. கெட்டியாகிவிட்டது என்று நம்பிக் கடிக்கத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட் பிடிப்பதையும் விடவில்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாஷ்பேசினில் டிங் என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் பல்லோடு சேர்ந்து ஸ்க்ரூ முழுசாகக் கிடக்கிறது. ரத்தம்கூட அதிகம் இல்லை. அதைக் கையில் எடுத்தபோது இவ்வளவு சின்னதா என்றிருந்தது.

வைத்தவுடன் அது நிற்பது எலும்பில் இறுகியிருப்பதால். பிறகு பழைய எலும்பு கொஞ்சம் கரைந்து புது எலும்பு வளர்ந்து பிடிக்க வேண்டும். முதலாவது தளர்ந்து இரண்டாவது வந்து சேராத காலம் ஒன்று இருக்கிறது, இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரம் வரை. நாம் தைரியமாகும் நேரமும் சரியாக அதுதான். டாக்டர் "கடிக்காதே" என்றார், ஏன் என்று நான் கேட்கவில்லை. சிகரெட்டை விட்டு, நான்கு மாதம் காத்திருந்து திரும்ப வைத்துக்கொண்டேன்.


சிறுதூறல்:

பழைய சைக்கிள், எலும்புத்தூள் பற்றி ஒரே வரியில் போய்விட்டீர்கள். அது எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். எனக்கு வேலை முடிந்து பில் வாங்கும்போது மேசையில் கிடந்த காலிப் பெட்டியைப் படித்தேன். மாட்டு எலும்பிலிருந்து எடுத்தது. நான் எந்த உயிரிலிருந்தும் வந்ததை உடம்பில் சேர்க்காதவள். இனி எடுக்க முடியாது, அது என் எலும்போடு சேர்ந்துவிட்டது. நம் எலும்பையே எடுத்து வைப்பது, தானம் பெற்ற மனித எலும்பு, செயற்கையாகத் தயாரித்தது என்று வேறு வகைகளும் இருக்கின்றன. கேட்டிருந்தால் செயற்கையைத் தேர்ந்தெடுத்திருப்பேன். டாக்டர் ஒளிக்கவில்லை, கையெழுத்திட்ட தாளில் அது இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்திட்டேன்.


தாழைமடல்:

சிறுதூறல், உங்கள் மேல் தப்பில்லை. அந்தத் தாளை நாற்காலியில் உட்கார வைத்த பிறகு நீட்டினால் யார் படிப்பார்கள்? முந்தைய வாரமே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.


வடக்கு ஜன்னல்:

பழைய சைக்கிள், என்ன ஆயிற்று? எக்ஸ்ரே எடுத்தீர்களா?


பழைய சைக்கிள்:

எடுத்தேன். இரண்டு நன்றாக இருக்கின்றன. மூன்றாவதில் ஒரு புரி தெரிகிறது. ஆழமாகச் சுத்தம் செய்து, மூன்று மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இரவுப்பணி, நன்றி.


மழைக்கோடு:

எக்ஸ்ரே வடிவத்தை வைத்து என்னுடையது எந்த மாடல் என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்கான ஸ்க்ரூ டிரைவரை வரவழைக்கப் பன்னிரண்டு நாள். இன்று பழைய ஸ்க்ரூவை எடுத்துவிட்டுப் புதியதை முடுக்கி, மேலே அடைத்துவிட்டார். மொத்தம் பத்து நிமிடம். ராத்திரியில் பல் கடிக்கிறேனா என்று கேட்டேன், மற்றப் பற்களின் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். நைட் கார்டுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள்.

கம்பெனி, மாடல், விட்டம், நீளம் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதைப் படம் எடுத்து மனைவிக்கும் மகளுக்கும் அனுப்பிவிட்டேன்.