ஊரூர் குப்பத்தில் காலைப் படம்: ஆட்கள் எல்லாம் கருப்பாக விழுகிறார்கள்

உப்புக்காற்று கேட்டது:

தீபாவளிக்கு முன்னால் பழைய கேமரா ஒன்று வாங்கினேன், கூடவே 18-55 லென்ஸ். ஞாயிறு தவறாமல் விடியற்காலையில் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் குப்பத்துக்குப் போய்விடுவேன். படகு கரையேறுவது, வலையில் சிக்கிய மீனை எடுப்பது, பேரம், காகம், படகு நிழலில் சுருண்ட நாய் என்று எடுக்க அங்கே பஞ்சமில்லை. ஆனால் நூற்றுக்கு இரண்டு படம்கூடத் தேறவில்லை. சூரியன் எழும்போது எடுத்தால் ஆட்களுக்கு முகமே இல்லை. முதல் அரை மணி நேரம் லென்ஸில் வேறு பனி மூடிக்கொள்கிறது, துடைத்தால் மறுபடியும் மூடுகிறது.

இன்னொன்று. போன வாரம் மீனைக் கூறு வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவை எடுத்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "எங்க மூஞ்ச வச்சிக்கினு நீ என்னாப்பா பண்ணுவ?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இனி அந்தப் பக்கம் போகலாமா?

கண்ணாடிக்கடை:

பனிக்குக் காரணம் உங்கள் ஏசி. குளிர்ந்த கண்ணாடி கடற்காற்றுப் பட்டதும் வியர்க்கும். முதல் நாள் இரவே கேமராவை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். சட்டை நுனியால் துடைக்காதீர்கள், உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும். முதலில் ஊதித் தள்ளி, அப்புறம் நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணி.

நமக்குக் கடல் கிழக்கே. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் வெயில் ஆளின் முதுகுப் பக்கம்தான் இருக்கும். நீங்கள் தண்ணீர் ஓரம் போய், ஊரைப் பார்த்துத் திரும்பி நின்று எடுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் நாலரைக்கு, அடுக்குமாடி நிழல் மணலில் விழுவதற்குள்.

குப்பத்துப் பையன்:

சார், நான் அதே கடற்கரையில் வளர்ந்தவன். கேமராவோடு வருகிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை. எடுத்த படம் எங்கே போகிறது என்பதுதான் தெரியாது. வலை காலியாக வந்த நாளில் எங்கள் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்ததை ஒருத்தர் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் படத்தை நாங்கள் இன்றுவரை பார்க்கவில்லை.

ஒரு வாரம் கேமரா இல்லாமல் வாங்க. பெரிய வலை இழுக்கிற நாளாக இருந்தால் கயிற்றில் ஒரு கை போடுங்க. அந்த அம்மாவிடம் மீன் வாங்குங்க, பேரம் பேசித்தான்! அடுத்த தடவை படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவாங்க. போனில் காட்டினால் கணக்கில் வராது.

ராத்திரி நடை:

ஆள்களை விட்டுக் கொஞ்சம் கீழேயும் பாருங்கள். மணலில் வளை தோண்டும் வெளிர் நண்டு இருக்கிறதே, அதை நின்றுகொண்டு எடுத்தால் பொட்டு மாதிரிதான் தெரியும். வளைக்கு ஆறடி தள்ளிக் குப்புறப் படுத்து, அசையாமல் இருங்கள். முதலில் இரண்டு கண் தண்டு மட்டும் எட்டிப் பார்க்கும். அப்புறம் ஒரு கை மண்ணை அணைத்துக்கொண்டு வந்து வெளியே எறியும். ஷட்டர் வேகம் 1/1000 வைத்தால் மண் துகள் காற்றிலேயே நிற்கும்.

ஒரே வேண்டுகோள்: ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும். ஃபிளாஷ் கூடாது, டார்ச்சும் கூடாது. வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊரும். தெருவிளக்கே அவற்றுக்குப் போதாத காலம்.

உப்புக்காற்று:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கயிறு இழுத்ததில் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. வலை மடியில் வந்தது பாதி நெத்திலி, பாதி சொறிமீன். அந்த அம்மாவிடம் நூறு ரூபாய்க்கு நெத்திலி வாங்கினேன், ஏமாந்தேன் என்றுதான் நினைக்கிறேன். முகம் மூடிய அதே படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொடவ நல்லாக்கீது" என்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கூந்தலை முடிந்து, கூடைக்குப் பக்கத்தில் நேராக நின்றார்.

வெயில் என் முதுகில் இருந்தது. இந்தத் தடவை முகம் விழுந்திருக்கிறது. நண்டு இன்னும் பொட்டுதான்.