தற்கொலை முயற்சிக்குப் பின் கழுத்துக் காயம்: தெளிவாகப் பேசும் நோயாளியை உடனே மனநலப் பிரிவுக்கு மாற்றலாமா?

அவசரப் பிரிவுப் பயிற்சி மருத்துவர்:
தற்கொலை முயற்சியில் கழுத்து நெரிந்த நிலையில் மீட்கப்பட்டு, முழு நினைவோடு தெளிவாகப் பேசியபடி வரும் நோயாளிகளைப் பற்றியது என் ஐயம். கழுத்தில் இலேசான சிவந்த தடம் தவிர வேறொன்றும் தெரிவதில்லை. ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் சரியாகவே இருக்கின்றன. இவர்களை உடனே மனநலப் பிரிவுக்கு மாற்றலாமா, அல்லது அனைவருக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுக்க வேண்டுமா? கழுத்து அசையாமலிருக்க அணிவிக்கும் பட்டையை எப்போது கழற்றுவது? மூத்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மயக்கவியல் மருத்துவர்:
பேச்சு தெளிவாக இருப்பது, அந்த நேரத்தில் சுவாசப் பாதை திறந்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். குரல்வளையைச் சுற்றிய வீக்கமும் ரத்தக்கட்டும் சில மணி நேரம் கழித்துக்கூடப் பெருகலாம். குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, எச்சில் வழிதல், மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சொலி, தொட்டால் தோலடியில் காற்று நறநறத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மூத்த மயக்கவியல் மருத்துவரையும் காது மூக்கு தொண்டை மருத்துவரையும் அப்போதே அழையுங்கள். வீக்கம் முற்றிய பிறகு மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவது கைதேர்ந்தவர்களுக்கும் கடினம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு என்பதால் மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடுவது நல்லது.

இவர்களில் கழுத்தெலும்பு முறிவு அரிது. பெரும் சேதத்தை உண்டாக்குவது மூளைக்கு ஆக்சிஜன் எட்டாமற்போவதே. ஆகவே எலும்பைப் பற்றிய கவலை சுவாசத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது. முறிவு இல்லை என்று உறுதியானதும் பட்டையைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் அது கழுத்துச் சிரைகளை அழுத்தி மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றும். நினைவின்றி வருபவர்களையும் முதல் பார்வையிலேயே கைவிட வேண்டாம். மிகத் தாழ்ந்த நினைவுநிலையிலிருந்து நன்றாகத் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

விபத்துக்காய அறுவை மருத்துவர்:
ஆஞ்சியோகிராம் யாருக்கு என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வழக்கம் மாறுகிறது. எனக்குச் சிறு சந்தேகம் எழுந்தாலே எடுத்துவிடுவேன். மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் என்ற கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால் முதலில் எந்த அறிகுறியும் இல்லாமலிருந்து, சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துப் பக்கவாதமாக வெளிப்படலாம். கழுத்து ஒருபக்கமாக வலிப்பது, ஒரு கண்ணிமை மட்டும் தொங்கி அதன் பாவை சுருங்கியிருப்பது, கை கால் வலுவிழத்தல் ஆகியவை இருந்தால் தயங்கவே வேண்டாம். கிழிவு உறுதியானால், ரத்தக்கசிவு அபாயத்தை எடைபோட்ட பின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினோ ஹெப்பாரினோ தொடங்குவது வழக்கம்.

வெட்டுக்காயம் வேறு கதை. படுக்கையருகே காயத்துக்குள் விரலையோ கருவியையோ விட்டு ஆழம் பார்க்காதீர்கள். அடைத்திருக்கும் ரத்தக்கட்டு விலகினால் கட்டுப்படுத்த முடியாமற்போகும். ரத்தம் பீறிட்டாலும், வீக்கம் கண்முன்னே பெருத்தாலும், காயத்திலிருந்து காற்றுக் குமிழ்கள் வந்தாலும் நேராக அறுவை அரங்குக்குத்தான். மற்றவர்களுக்கு முதலில் ஆஞ்சியோகிராம். உணவுக்குழாய்க் காயம் தொடக்கத்தில் ஓசையின்றி இருந்து, பின்னர் காய்ச்சலாகத் தலைகாட்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

மனநல மருத்துவர்:
‘கழுத்தைப் பார்த்து முடித்துவிட்டு அனுப்புகிறோம்’ என்று சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கழுத்துச் சிகிச்சை, மனநலக் கவனிப்பு இரண்டும் ஒரே படுக்கையில் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியவை. நோயாளியைத் தனியே விடாமல் ஒருவர் எப்போதும் அருகில் இருக்கட்டும். அவர் மாத்திரைகளும் விழுங்கியிருக்கலாம். சொல்லாவிட்டாலும் ரத்தத்தில் பாராசிட்டமால் அளவைப் பாருங்கள். உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, பழிக்காத குரலில் நேரடியாகக் கேளுங்கள்: இன்னும் சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா? அப்படிக் கேட்பதால் எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. தடம் வேறொருவர் நெரித்ததாகவும் இருக்கலாம்; அதையும் அந்தத் தனிமையில்தான் சொல்வார்கள்.

பயிற்சி மருத்துவர்:
மிக்க நன்றி. சி.டி.யில் ஒன்றும் இல்லையென்றால் அன்றே வீட்டுக்கு அனுப்பலாமா?

மனநல மருத்துவர்:
கழுத்துக்காக ஓர் இரவாவது வைத்துப் பாருங்கள். வீடு திரும்பிய முதல் சில வாரங்களே மறுமுயற்சிக்கான ஆபத்து மிகுந்த காலம் என்பதால், அடுத்த சந்திப்பை ஒரு வாரத்துக்குள் நாள் குறித்துக் கையில் கொடுத்த பிறகே அனுப்புங்கள். குரல் மாறினாலோ, தலை கடுமையாக வலித்தாலோ, குழப்பம் தென்பட்டாலோ உடனே திரும்பி வரும்படி வீட்டாரிடம் எழுதிக் கொடுங்கள்.