லைவில் வாங்கிய சேலையைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம், இது நியாயமா?

ஜெலுத்தோங் அக்கா: பேஸ்புக் லைவில் மாம்பழ மஞ்சள் என்று காட்டினார்கள், 189 ரிங்கிட் கட்டினேன். பிரித்துப் பார்த்தால் எலுமிச்சை மஞ்சள். ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு இழை வேறு விட்டிருக்கிறது. கேட்டால், “ரிட்டர்ன் கிடையாது என்று லைவிலேயே சொன்னோமே” என்கிறார்கள். லண்டனில் என் நாத்தனார் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பி அனுப்புகிறாள். மலேசியாவில் நமக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

துணிக்கடைத் தம்பி: அக்கா, நானும் பிரிக்பீல்ட்ஸில் லைவ் போடுகிறவன்தான் (அந்தக் கடை நானில்லை!). போன தீபாவளி முடிந்து ஒரு சேலை திரும்பி வந்தது. ஃபால்ஸ் தைத்து, கொசுவ மடிப்பு கலையாமல், முந்தானையில் சாம்பார் வாசத்தோடு. கூடவே “கலர் பிடிக்கவில்லை” என்று ஒரு சீட்டு. கூரியர் காசும் என் தலையில். லண்டன் சட்டம் இங்கே வந்தால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். லைட் வெளிச்சத்தில் நிறம் கொஞ்சம் மாறித்தான் தெரியும்.

செந்தூல்வாசி: லண்டன் கணக்கு இங்கே செல்லாது, சரி. இணையத்தில் வாங்கியதை மனம் மாறித் திருப்ப நம் சட்டத்தில் இடமில்லை, கடைக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. ஆனால் தம்பி, இழை விட்டதும் மனமாற்றமா? 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்னபடியும் இருக்க வேண்டும். லைவில் நூறு தடவை “ரிட்டர்ன் இல்லை” என்று கத்தினாலும் அந்த உரிமை போகாது.

துணிக்கடைத் தம்பி: இழைக்கு நான் வாதாடவில்லை, அது கடைக்காரர் தப்பு. நிறத்துக்குத்தான் சொல்கிறேன்.

ஜெலுத்தோங் அக்கா: மாம்பழத்துக்கும் எலுமிச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கைப்பேசியா என்னுடையது? லைவ் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, பார்சல் பிரித்த வீடியோவும் இருக்கிறது. ஆனால் 189 ரிங்கிட்டுக்கு வக்கீலா பிடிக்க முடியும்?

செந்தூல்வாசி: வக்கீலே வேண்டாம். பயனீட்டாளர் டிரிபியூனலில் (வாங்கியவர்களின் புகாரை விசாரிக்கும் தீர்ப்பாயம்) 5 ரிங்கிட் கட்டி நீங்களே மனு போடலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். ஆனால் யார்மேல் போடுவது என்று தெரிய வேண்டுமே. இணையத்தில் விற்பவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் காட்ட வேண்டும் என்பது விதி. லைவ் போடுகிறவர்களில் பாதிப் பேர் காட்டுவதில்லை, தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

துணிக்கடைத் தம்பி: நான் காட்டுகிறேன் அண்ணே! அக்கா, பார்சல் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அனுப்பியவர் முகவரி அதில் இருக்கும்.

ஜெலுத்தோங் அக்கா: அது நேற்றே குப்பை லாரியில் போய்விட்டது. பணம் போட்ட ரசீதில் கம்பெனி பெயர் இருக்கிறது, அதை வைத்து ஆரம்பிக்கிறேன்.