போர்ட்டோவில் ஆற்றோரம் சந்தித்த மனிதர்கள்

போர்ச்சுகலின் போர்ட்டோ நகருக்குப் போகிறவர்கள் பலர் டோம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அக்கரையில் ஒயின் ருசித்துவிட்டு, மறுநாளே லிஸ்பனுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். மேலிருந்து தெரியும் காட்சி அழகுதான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது டோரோ ஆறு சாதுவாகக் கிடக்கும். ஆனால் அந்தச் சாதுத்தனம் சமீபத்தில் வந்தது. பல நூற்றாண்டுகளாக இந்த ஊர் அந்த ஆற்றை நம்பியும் அதற்குப் பயந்தும்தான் பிழைத்திருக்கிறது. அதை எனக்குப் புரியவைத்தவர்கள் கீழே, தண்ணீரை ஒட்டியுள்ள ரிபெய்ரா பகுதிக்காரர்கள்.

முதலில் ஒரு பாட்டி. பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, ஆற்றைப் பார்த்த சுவரில் வெண்கலப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. பாலம் ஒன்றிலிருந்து மக்கள் கொத்துக் கொத்தாகத் தண்ணீரில் விழும் காட்சி. அதன் அடியில் மெழுகுவத்திகளும் பூக்களும் இருந்தன. அந்தப் பாட்டி கையில் காய்கறிப் பையோடு வந்து, ஒரு வத்தி ஏற்றி, சிலுவைக் குறி போட்டுவிட்டு நின்றார். அங்கே யாரும் புதைக்கப்பட்டிருக்கிறார்களா என்று கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வழியாகக் கேட்டேன். அவர் ஆற்றைக் கைகாட்டினார்.

1809 மார்ச் 29. நெப்போலியனின் தளபதி சூல்ட்டின் படை ஊருக்குள் புகுந்துவிட்டது. அப்போது அக்கரைக்குப் போக இருந்தது படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்ட மிதவைப் பாலம் ஒன்றுதான். தப்பிக்க ஊரே அதன்மேல் ஓடியது. பாலம் தாங்கவில்லை. முன்னால் போனவர்கள் விழுவது தெரியாமல் பின்னால் வந்த கூட்டம் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் போனார்கள் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். “உங்கள் குடும்பத்தில் யாராவது?” என்று கேட்டேன். “தெரியாது. எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள்தானே, யாராவது அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டாமா?” என்றார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த, முகம் தெரியாத மனிதர்களுக்காக மார்க்கெட்டுக்குப் போய்வரும் வழியில் நிற்கிற அந்த மனம் என்னை உலுக்கிவிட்டது. நான் போர்ட்டோவில் பார்த்தவற்றில் இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை.

அதே இடத்தில் அப்புறம் 1843இல் ஒரு தொங்குபாலம் வந்தது. அதன் கல்தூண்கள் இன்னும் அங்கே நிற்கின்றன, பலரும் என்னவென்று தெரியாமல் கடந்துபோகிறார்கள். இப்போதுள்ள இரும்புப் பாலம் 1886இல் திறக்கப்பட்டது. இதை ஈஃபில் கட்டினார் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. வடிவமைத்தவர் தியோஃபில் செய்ரிக், ஒரு காலத்தில் ஈஃபிலின் கூட்டாளி. ஈஃபில் நிறுவனம் கட்டியது சற்று மேலே கிழக்கில் உள்ள மரியா பியா ரயில் பாலம், 1877இல். இரண்டையும் பார்த்துவிட்டால் குழப்பம் வராது. டோம் லூயிஸ் பாலத்தில் மேலே மெட்ரோ ஓடுகிறது, கீழே வண்டிகள், இரண்டிலும் நடந்து போகலாம். கட்டாயம் கீழ்த்தளத்திலும் நடங்கள். 172 மீட்டர் வளைவு தலைக்கு மேல் எப்படி எழும்புகிறது என்பது அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தவர் ரிபெய்ராவில் சிறிய சாப்பாட்டுக்கடை நடத்துபவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். உப்பிட்டு உலர்த்திய காட் மீனை, அதாவது பக்கல்யாவை, உருளைக்கிழங்கோடு கொண்டுவந்து வைத்தார். நம் கருவாடு மாதிரிதான், ஆனால் நன்றாக ஊறவைத்து உப்பை எடுத்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் என்னைத் தெருவுக்கு அழைத்துப் போய், வெள்ளம் எதுவரை ஏறியது என்று சுவரில் வருடத்தோடு பதித்திருந்த குறிகளைக் காட்டினார். 1909 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் பாலத்தின் கீழ்த்தளத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது, நங்கூரமிட்டிருந்த கப்பல்களையும் படகுகளையும் அறுத்துக் கடலுக்கு இழுத்துப் போனது. 1962 ஜனவரியிலும் பெரிய வெள்ளம். அப்போது சிறுவனாக இருந்த தன்னை மாடி ஜன்னல் வழியாகப் படகில் இறக்கினார்கள் என்று அவர் சொன்னபோது ஜன்னலையும் காட்டினார்.

“அப்போது எங்களுக்கு துக்கே இருந்தார்” என்றார். ரிபெய்ராவின் துக்கே என்று ஊரே அழைத்த படகுக்காரர், இயற்பெயர் டியோக்லெசியானோ மொன்டெய்ரோ. ஆற்றில் விழுந்தவர்களைக் குதித்து மீட்டதும், மீட்க முடியாதவர்களின் உடலையாவது தேடி எடுத்துக் குடும்பத்திடம் சேர்த்ததும்தான் அவர் வாழ்நாள் வேலை. 1996இல் இறந்தார். பாலத்தருகே அவருக்கு நினைவுப் பலகை இருக்கிறது. மன்னர்களுக்கும் மாலுமிகளுக்கும் சிலை நிறைந்த ஊரில் கடைக்காரர் பெருமையாக என்னை இழுத்துப்போய் நிறுத்தியது இந்தப் பலகை முன்னால்தான்.

அதே 1996இல்தான் பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதனால் ரிபெய்ராவின் வீடுகள் பல இன்று விடுதிகள். தன் தெருவில் பழைய ஆட்கள் சிலர்தான் மிச்சம் என்று கடைக்காரர் சொன்னார். போகிறவர்கள் அங்கே பெரிய ஓட்டல்களை விட்டுவிட்டு இப்படி ஊர்க்காரர்கள் நடத்தும் கடைகளில் சாப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கரை காயா தனி ஊர், தனி நகராட்சி. போர்ட் ஒயின் கிடங்குகள் பெரும்பாலும் அங்கேதான். திராட்சை விளைவதோ ஆற்றின் மேற்பகுதியில், வெயில் கொளுத்தும் பள்ளத்தாக்கில். 1756இலேயே அந்தப் பகுதிக்கு எல்லை வகுத்துவிட்டார்கள். சாறு புளிக்கும்போது பாதியில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நிறுத்துவதால் இனிப்பு மிஞ்சுகிறது. குளிர்ந்த, ஈரமான காயாவுக்குக் கொண்டுவந்து பீப்பாயில் முதிரவிடுகிறார்கள். கிடங்கைச் சுற்றிக் காட்டிய இளம்பெண் இதையெல்லாம் சொல்லிவிட்டு, வெளியே கட்டியிருந்த, அந்தக் காலத்தில் ஒயின் ஏற்றிவந்த ரபேலோ படகுகளிடம் வந்தபோது குரல் மாறினார். அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தப் படகில் துடுப்புக்காரராம்.

தட்டையான அடி, நீண்ட பின்துடுப்பு, அதைப் பிடிக்க உயரமான மேடை. பீப்பாய்களோடு பாறைச் சுழல்களைக் கடந்து இறங்க வேண்டும். 1861இல் வலெய்ரா என்ற இடத்தில் படகு கவிழ்ந்து ஃபாரஸ்டர் பிரபு மூழ்கிப்போனார். அந்த ஆற்றை அங்குலம் அங்குலமாக வரைபடமாக்கியவர் அவர்! இடுப்பில் கட்டியிருந்த பொற்காசு அவரைக் கீழே இழுத்தது, உடன் பயணித்த ஒயின் முதலாளி அம்மையார் அந்தோனியா ஃபெரெய்ராவை அகலமான பாவாடை மிதக்க வைத்துக் காப்பாற்றியது என்பது கதை. அப்புறம் ரயில் வந்தது, லாரி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வரிசையாக அணைகள் எழுந்ததும் சுழல்கள் நீருக்கடியில் மறைந்தன. நாம் பார்க்கும் அமைதியான ஆறு இந்த அணைகளுக்குப் பிந்தையது.

ஜூன் மாதம் போக முடிந்தால் 23ஆம் தேதி இரவு அங்கே இருங்கள். புனித யோவான் திருவிழா. ஊர் முழுக்க மத்தி மீன் சுடும் புகை, தொட்டி தொட்டியாகத் துளசி இனச் செடிகள், வானத்தில் தாள் பலூன்கள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லார் தலையிலும் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். பேத்தியின் கையைப் பிடித்து வந்த ஒரு பெரியவர் என் தலையில் தட்டிவிட்டு, தன் தலையைக் குனிந்து காட்டினார். என்னிடம் சுத்தியல் இல்லை என்று பார்த்ததும் பேத்தி தன்னுடையதைக் கொடுத்தாள். நள்ளிரவு வாணவேடிக்கைக்கு இரு கரையும் நிரம்பிவிடும், முன்கூட்டியே இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாவ் பெந்து ரயில் நிலையத்தை விட்டுவிடாதீர்கள். ஜோர்ஜ் கொலாசோ வரைந்த ஏறக்குறைய 20,000 நீல ஓடுகள், வட ஆப்பிரிக்காவின் சியூட்டாவை 1415இல் போர்ச்சுகல் வென்றது உட்பட வரலாற்றுக் காட்சிகள். காலையில் சீக்கிரம் போனால் கூட்டமில்லாமல் பார்க்கலாம். ஒரு நாள் மிச்சம் இருந்தால் ஒயின் பள்ளத்தாக்கில் உள்ள பின்யாவ் வரை டோரோ வழி ரயிலில் போய்வாருங்கள். போகும்போது வலப்பக்க இருக்கை. முதல் ஒரு மணி நேரம் ஆறு தெரியாது, தெரிந்த பிறகு தண்டவாளம் அதை ஒட்டியே போகிறது. ரிபெய்ராவின் கற்படிகள் மழையில் வழுக்கும், அதனால் பிடிமானமுள்ள செருப்பு அவசியம்.